குழாய்த் தண்ணீர் தெளிவாக இருந்தும் வயிற்றுப்போக்கு வருகிறதா? முதலில் எங்கே பார்க்க வேண்டும்

கேள்வி சுருக்கமாக இதுதான்: குழாயில் வரும் தண்ணீர் தெளிவாக இருக்கிறது, வாடை ஏதும் இல்லை, டிடிஎஸ் மீட்டரில் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும் கருவி) 180 காட்டுகிறது. ஆனாலும் வீட்டில் யாராவது ஒருவருக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு வருகிறது. தண்ணீர்தான் காரணமா? அதை வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா? நல்ல சுத்திகரிப்பு மெஷின் ஒன்று வாங்கி மாட்டிவிட்டால் பிரச்சினை தீருமா?

தண்ணீர் காரணமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. கண்ணை வைத்தோ நாக்கை வைத்தோ டிடிஎஸ் மீட்டரை வைத்தோ அதை உறுதி செய்ய முடியாது. மெஷின் வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். தண்ணீர் எந்த இடத்தில் கெடுகிறது என்று முதலில் பாருங்கள். நான் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவன். மெஷின் மாட்டிய பிறகும் நோய் நிற்காத வீடுகளிலிருந்து எங்களுக்கு மாதிரி வருவது சாதாரண விஷயம். மெஷினிலிருந்து வெளியே வரும் தண்ணீர் சுத்தமாக இருக்கும், அதைப் பிடித்து வைத்திருக்கும் பாத்திரத்துத் தண்ணீரில் கிருமி இருக்கும். இதை ஒரே ஒரு சோதனையில் கண்டுபிடித்திருக்கலாம். அந்தச் சோதனையைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் தெளிவு என்ற விஷயம். ஒரு மில்லிலிட்டரில் பத்து லட்சம் பாக்டீரியா இருந்தாலும் தண்ணீர் கண்ணுக்குத் தெளிவாகவே தெரியும். ஆனால் குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவுகோல் என்ன தெரியுமா? 100 மில்லிலிட்டரில் ஒரு ஈ.கோலை கூடத் தென்படக் கூடாது. ஈ.கோலை என்பது மனிதர்கள், விலங்குகளின் குடலில் வாழும் பாக்டீரியா. அது தண்ணீரில் இருந்தால் மலம் எங்கேயோ கலந்திருக்கிறது என்று அர்த்தம். மலம் வந்த வழியில் காலராவும் டைபாய்டும் மஞ்சள் காமாலையும் வரலாம். அதனால்தான் ஒவ்வொரு நோய்க்கிருமியையும் தனித்தனியாகத் தேடாமல் ஈ.கோலையைத் தேடுகிறோம்.

1854இல் லண்டனின் பிராட் தெருவில் காலரா பரவியபோது, டாக்டர் ஜான் ஸ்நோ இறந்தவர்களின் வீடுகளைக் கணக்கெடுத்து, அந்தத் தெருவின் அடிபம்புதான் காரணம் என்று கண்டார். அந்தப் பம்புத் தண்ணீருக்கு நல்ல தண்ணீர் என்ற பெயர் இருந்தது. வெகு தூரம் தள்ளிக் குடியிருந்த ஒரு பெண்மணி, அதன் ருசிக்காகவே அங்கிருந்து வண்டியில் தண்ணீர் வரவழைத்துக் குடித்து வந்தார். காலரா பரவாத பகுதியில் இருந்த அவரும் காலராவில் இறந்தார். ருசியை நம்பக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

அடுத்து டிடிஎஸ் மீட்டர். இந்தச் சின்னக் கருவி செய்திருக்கும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று அளந்து, அதைக் கரைந்திருக்கும் உப்பின் அளவாக மாற்றிக் காட்டுவது மட்டும்தான் அதன் வேலை. ஒரு பக்கெட் தண்ணீரில் ஒரு கரண்டி சாக்கடை நீரைக் கலந்துவிட்டு மீட்டரை முக்கினால் அதே 180தான் காட்டும். கிருமி அதற்குத் தெரியாது. ஆர்செனிக்கும் தெரியாது. ஆர்செனிக்கின் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், மீட்டரின் எண்ணோ ஒரு மில்லிகிராம் ஒரு மில்லிகிராமாகத்தான் நகரும். வரம்பைப்போல் பத்து மடங்கு இருந்தாலும் அந்த எண் அசையாது. 180 என்ற எண்ணுக்கு ஒரே அர்த்தம்தான்: உங்கள் தண்ணீர் உப்புக் கரிக்காது. லிட்டருக்கு 600 மில்லிகிராம்வரை குடிக்க ருசியாகவே இருக்கும் என்பது பொதுவான கணக்கு. ஆகவே, டிடிஎஸ் குறைக்க வேண்டும் என்று சொல்லி யாராவது உங்களிடம் ஆர்.ஓ. மெஷின் (நுண்ணிய சவ்வு வழியாகத் தண்ணீரை அழுத்தி உப்பைப் பிரிக்கும் மெஷின்) விற்க வந்தால் மறுத்துவிடலாம்.

இதனால் கண்ணும் மூக்கும் வீண் என்று ஆகாது. தண்ணீர் சுத்தமா என்று அவற்றால் சொல்ல முடியாது. ஆனால் நேற்று இருந்ததுபோல் இன்று இல்லை என்பதை நன்றாகச் சொல்லும். அந்த மாற்றத்தைத்தான் கவனிக்க வேண்டும்.

ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்து, வெள்ளைக் காகிதத்துக்கு முன்னால் வைத்துப் பாருங்கள். பால்போல் வெளுத்து வந்து, ஓரிரு நிமிடங்களில் அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்தால் அது காற்றுக் குமிழி, பயமில்லை. மேலிருந்து கீழாகத் தெளிந்து அடியில் படிந்தால் மண்ணோ துருவோ வருகிறது. பிடிக்கும்போது தெளிவாக இருந்து, கொஞ்ச நேரத்தில் செம்பழுப்பாக மாறினால் கரைந்த இரும்பு. போர்வெல் தண்ணீரில் அடிக்கடி பார்ப்பது. கறுப்புத் துகள் வந்தால் மாங்கனீசாக இருக்கலாம், குழாயின் ரப்பர் வாஷர் நைந்துபோயும் இருக்கலாம். வாஷ்பேசினில் நீலப் பச்சைக் கறை படிந்தால் செம்புக் குழாய் அரிக்கப்படுகிறது. பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவது கடினத்தன்மை. பாத்திரத்துக்கும் ஹீட்டருக்கும் தொல்லை, உடம்புக்குக் கெடுதல் என்று பயப்பட வேண்டியதில்லை.

அழுகிய முட்டை வாடை வந்தால் உடனே தண்ணீரைக் குறை சொல்லிவிடாதீர்கள். டம்ளரில் பிடித்து வேறு அறைக்குக் கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். அங்கே வாடை இல்லையென்றால், நாறுவது சிங்கின் கழிவுக் குழாய். சுடுதண்ணீரில் மட்டும் வாடை என்றால், ஹீட்டருக்குள் இருக்கும் மெக்னீசியக் கம்பியைச் சந்தேகிக்கலாம். இரண்டிலும் வாடை வந்தால் ஹைட்ரஜன் சல்பைடு தண்ணீரிலேயே இருக்கிறது, சோதிக்க வேண்டும். பெட்ரோல், பெயின்ட், பூச்சிமருந்து வாடை வந்தால் அந்தத் தண்ணீரைக் குடிப்பதை அந்த நிமிடமே நிறுத்துங்கள். காய்ச்சியும் குடிக்க வேண்டாம். மண்ணில் சிந்திய எண்ணெய்ப் பொருள்கள் பிளாஸ்டிக் குழாயின் சுவரையே ஊடுருவி உள்ளே வரக்கூடியவை.

குளோரின் வாடையைப் பற்றி நிறையப் பேர் புகார் சொல்வார்கள். எனக்கு அந்த லேசான வாடை வந்தால் நிம்மதிதான். குழாய் வழியில் புதிதாகக் கிருமி நுழைந்தாலும் அதைக் கவனித்துக்கொள்ள இன்னும் குளோரின் மிச்சம் இருக்கிறது என்று தெரிகிறது. வழக்கமாக வரும் அந்த வாடை திடீரென்று காணாமல் போனால்தான் கவலைப்பட வேண்டும். அழுக்கு எங்கேயோ நுழைந்து குளோரினைத் தின்றிருக்கலாம். இதற்கு வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய கிட் கிடைக்கிறது. சின்னக் குப்பியில் தண்ணீர் பிடித்து மாத்திரையையோ சொட்டுமருந்தையோ போட்டால் இளஞ்சிவப்பாகவோ மஞ்சளாகவோ நிறம் மாறும். கூட வரும் அட்டையோடு ஒப்பிட வேண்டியதுதான். வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். குளோரின் போட்டு வரும் தண்ணீரை வாங்குபவர்களுக்கு டிடிஎஸ் மீட்டரைவிட இந்தக் கிட் எவ்வளவோ மேல்.

சரி, தண்ணீர் எங்கே கெடுகிறது? தெருக் குழாயிலிருந்து டம்ளர்வரை நடந்து பார்ப்போம்.

நாள் முழுக்க வராமல் குறிப்பிட்ட நேரம் மட்டும் தண்ணீர் வரும் இடங்களில், ஆபத்து தெருவிலேயே தொடங்கிவிடுகிறது. குழாயில் அழுத்தம் இருக்கும்வரை, விரிசல் வழியாகத் தண்ணீர் வெளியே கசியும். உள்ளே எதுவும் வராது. சப்ளை நின்று அழுத்தம் போனதும் நிலைமை தலைகீழாகிறது. குழாயைச் சுற்றியுள்ள ஈரமண்ணில் இருப்பது, பக்கத்தில் ஓடும் சாக்கடையில் இருப்பது எல்லாம் அதே விரிசல் வழியாக உள்ளே இறங்கும். மறுபடி தண்ணீர் விடும்போது முதலில் உங்கள் வீட்டுக்கு வருவது அதுதான். அதனால் சப்ளை வந்ததும் முதல் சில நிமிடத் தண்ணீரைச் செடிக்கோ தரை கழுவவோ பிடித்துக்கொண்டு, அப்புறம் குடிக்கப் பிடியுங்கள். தெருக் குழாயில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சும் பழக்கம் இதைவிட மோசம். மோட்டார் இழுக்கும்போது குழாயில் எதிர் அழுத்தம் உண்டாகி, சாக்கடையையும் சேர்த்து இழுக்கும். உங்கள் வீட்டுக்கு மட்டுமல்ல, தெருவுக்கே அந்தத் தண்ணீர் போகும். இதை நான் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது.

வீட்டுக்குள்ளும் இதேபோல் ஒரு சங்கதி உண்டு. குழாயில் ஹோஸ் மாட்டி அதன் முனையைச் சோப்புத் தண்ணீர் பக்கெட்டுக்குள் முக்கி வைத்திருப்போம். அந்த நேரம் அழுத்தம் குறைந்தால் பக்கெட்டில் இருப்பது குழாய்க்குள் ஏறிவிடும். ஹோஸின் முனையைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலேயே வைத்துக்கொண்டால் போதும்.

அடுத்தது சம்ப், அதாவது தரைக்கடித் தொட்டி. மூடி தரைமட்டத்துக்கு இருந்தால் மழைத்தண்ணீரும் தரை கழுவும் தண்ணீரும் உள்ளே வழியும். மூடியின் விளிம்பைத் தரையிலிருந்து ஓர் அடி உயரத்துக்காவது எழுப்பிக் கட்டுவது நல்லது. செப்டிக் டேங்க் பக்கத்திலேயே இருந்து, சம்ப் சுவரில் விரிசலும் இருந்தால் வேறு காரணமே தேட வேண்டாம். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: இரவில் உள்ளே வரும் குழாயையும் மோட்டாரையும் நிறுத்திவிட்டு, தண்ணீர் மட்டத்தைச் சுவரில் சாக்பீஸால் குறித்து வையுங்கள். காலையில் மட்டம் குறைந்திருந்தால் தண்ணீர் வெளியே போகிறது. ஏறியிருந்தால் வெளியிலிருந்து உள்ளே வருகிறது. சுவரில் தண்ணீர் கசியும் வழி இருந்தால், நிலத்தடி நீர் ஏறும் மழைக்காலத்தில் அது இரண்டு பக்கமும் வேலை செய்யும்.

மேல்நிலைத் தொட்டியில் மூடியை எல்லோரும் பார்ப்பார்கள், நிரம்பி வழியும் குழாயை யாரும் பார்ப்பதில்லை. வலை கட்டாத அந்த வாய் வழியாகத்தான் பல்லியும் கரப்பானும் கொசுவும் போகின்றன. கீழே குழாயைத் திறந்தால் தண்ணீர் தெளிவாகத்தான் வரும், ஏனென்றால் வெளியேறும் குழாய் தொட்டியின் அடியிலிருந்து கொஞ்சம் உயரத்தில் இருக்கும்; வண்டல் அதற்குக் கீழே தங்கிவிடும். ஒரு டார்ச் எடுத்துக்கொண்டு மேலே ஏறி, தொட்டியின் அடியைப் பாருங்கள். பழுப்பாகச் சேறு படிந்து, சுவரைத் தொட்டால் வழுவழுவென்று இருந்தால் கழுவும் காலம் தாண்டிவிட்டது. அந்த வழவழப்பு கிருமிகள் கூட்டமாகத் தங்கியிருக்கும் படலம். வெறும் தண்ணீர் ஊற்றினால் போகாது, தேய்க்க வேண்டும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொட்டி கழுவுவது நியாயமான இடைவெளி. தேய்த்துக் கழுவிய பிறகு கிருமி நீக்க பிளீச்சிங் பவுடர் போதும். புதிய பவுடரில் மூன்றில் ஒரு பங்குதான் வேலை செய்யும் குளோரின். 1,000 லிட்டர் தொட்டிக்கு 150 கிராம் எடுத்தால், லிட்டருக்கு ஏறக்குறைய 50 மில்லிகிராம் குளோரின் கிடைக்கும். அதைத் தனிப் பக்கெட்டில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கிய பிறகு மேலே இருக்கும் தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றி, தொட்டியை நிரப்புங்கள். வீட்டுக் குழாய்களை ஒவ்வொன்றாகத் திறந்து, குளோரின் வாடை வந்ததும் மூடுங்கள். அப்போதுதான் உள்ளே ஓடும் பைப்புகளும் சுத்தமாகும். சுத்திகரிப்பு மெஷினுக்குப் போகும் வால்வை மட்டும் முன்கூட்டியே மூடிவிடுங்கள். இவ்வளவு குளோரின் ஆர்.ஓ. சவ்வைக் கெடுத்துவிடும். இரவு முழுக்க விட்டு, காலையில் முழுவதும் காலி செய்து, புதுத் தண்ணீர் பிடியுங்கள். அந்தக் கடுமையான வாடை போகும்வரை குடிக்கவோ சமைக்கவோ கூடாது. பழைய பவுடர் வீரியம் இழந்திருக்கும், காற்றுப் புகாத டப்பாவில் இருப்பதையே வாங்குங்கள்.

இங்கே இரண்டு விஷயம் உயிர் சம்பந்தப்பட்டவை. பிளீச்சிங் பவுடரை ஆசிட்டோடோ வேறு எந்தக் கழுவும் திரவத்தோடோ கலக்காதீர்கள், விஷவாயு வெளிவரும். மூடியே கிடந்த சம்ப்புக்குள் யாரும் தனியாக இறங்கக் கூடாது. உள்ளே ஆக்சிஜன் இல்லாமல் இருக்கலாம். இறங்கியவர் சத்தமே போடாமல் மயங்கி விழுவார், காப்பாற்ற இறங்குபவரும் அங்கேயே விழுவார். மூடியை நீண்ட நேரம் திறந்து வைத்து, மோட்டாரின் மின் இணைப்பைத் துண்டித்து, வெளியே ஆள் நிறுத்தி, பயிற்சி உள்ளவர்களைக் கொண்டு செய்யுங்கள். குடிதண்ணீருக்காக ஓர் உயிர் போவதை நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

கடைசி இடம் சமையலறை. நான் பார்த்தவரையில் அதிகமாகக் கவனிக்கப்படாத இடமும் இதுதான். காய்ச்சிய தண்ணீரையோ மெஷின் தண்ணீரையோ அகலவாய்ப் பாத்திரத்தில் ஊற்றி வைக்கிறோம். டம்ளரை விட்டு மொள்ளும்போது விரல் தண்ணீரில் படுகிறது. அதில் குளோரின் மிச்சம் இல்லாததால், விரலிலிருந்து இறங்கிய கிருமி அங்கேயே பெருகுகிறது. அடியில் குழாய் வைத்த மூடிய பாத்திரம் சிறந்தது. இல்லையென்றால் வாய் குறுகிய பாத்திரத்திலிருந்து சாய்த்து ஊற்றுங்கள், அல்லது நீண்ட கைப்பிடி உள்ள கரண்டியால் எடுத்து, அந்தக் கரண்டியைச் சுத்தமான இடத்தில் தொங்கவிடுங்கள். குழாய் வைத்த பாத்திரத்திலும் அந்தக் குழாயின் உட்பக்கத்தை யாரும் கழுவுவதில்லை. ஒரு முறை கழற்றிப் பஞ்சு முனையால் துடைத்துப் பாருங்கள், பழுப்பாக வழவழவென்று ஒட்டிக்கொண்டு வரும். பாத்திரத்தை வாரம் ஒருமுறையாவது சோப்புப் போட்டுக் கழுவி, காயவைத்துப் பிடியுங்கள். இருக்கும் தண்ணீரின் மேலேயே புதுத் தண்ணீரை ஊற்றி நிரப்பும் வழக்கத்தை விட்டுவிடுங்கள்.

இப்போது நான் முன்பு சொன்ன சோதனை. லேபுக்கு ஒரு மாதிரி கொடுக்காமல், ஒரே நாளில் இரண்டு இடத்து மாதிரி கொடுங்கள்: ஒன்று வீட்டுக்குத் தண்ணீர் நுழையும் குழாயிலிருந்து, இன்னொன்று நீங்கள் குடிக்கும் பாத்திரத்திலிருந்து. இரண்டும் சுத்தம் என்றால் வயிற்றுப்போக்குக்கு உணவையும் கை கழுவாததையும் பாருங்கள். முதலாவதில் கிருமி இல்லை, இரண்டாவதில் உண்டு என்றால் தவறு வீட்டுக்குள். தொட்டியையும் பாத்திரத்தையும் சரிசெய்தால் செலவில்லாமல் முடிந்துவிடும். முதலாவதிலேயே கிருமி இருந்தால் தண்ணீர் வரும் வழியில் தவறு, பக்கத்து வீடுகளையும் தண்ணீர் வழங்குபவர்களையும் சேர்த்துக்கொண்டு பேச வேண்டிய விஷயம். முடிந்தால் மேல்நிலைத் தொட்டிக் குழாயிலிருந்து மூன்றாவது மாதிரியும் எடுங்கள்.

மாதிரி எடுக்கும் முறையில்தான் பாதி முடிவு இருக்கிறது. வீட்டிலிருக்கும் பழைய குளிர்பான பாட்டில் ஆகாது. லேபில் கிருமி நீக்கிய பாட்டில் கேட்டு வாங்குங்கள். அதற்குள் கொஞ்சம் வெள்ளைப் பொடி இருந்தால் கழுவிவிடாதீர்கள், குளோரினை முறிப்பதற்காகப் போட்டது. குழாயின் வாயை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, ஓரிரு நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, பாட்டிலின் வாயிலும் மூடியின் உட்பக்கத்திலும் விரல் படாமல் பிடியுங்கள். ஐஸ் வைத்த பெட்டியில் வைத்து, ஆறு மணி நேரத்துக்குள் லேபில் சேர்ப்பது நல்லது. எப்படியும் ஒரு நாளைத் தாண்டக் கூடாது. பாத்திரத்து மாதிரியை மட்டும் நீங்கள் தினமும் எப்படி எடுத்துக் குடிக்கிறீர்களோ அப்படியே, அதே கரண்டியால் எடுத்து ஊற்றுங்கள். அதற்காகப் புதிதாக எதையும் கழுவிவிட்டால் சோதனையே வீண்.

லேப் பக்கத்தில் இல்லையென்றால் ஹைட்ரஜன் சல்பைடு குப்பி என்று ஒன்று கிடைக்கும். 1982இல் இந்திய விஞ்ஞானிகள் வெளியிட்ட எளிய முறை அது. குப்பியில் குறித்த அளவுக்குத் தண்ணீர் பிடித்து வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால், மலக் கலப்பு இருக்கும் தண்ணீர் ஒன்றிரண்டு நாளில் கறுக்கும். துல்லியமான அளவு சொல்லாது, ஆனால் எந்த இடத்தில் கெடுகிறது என்று தேடுவதற்கு நல்ல துணை. முட்டை வாடை அடிக்கும் தண்ணீருக்கு மட்டும் அதைப் பயன்படுத்தாதீர்கள், கிருமி இல்லாமலே கறுக்கும்.

கிருமி இருக்கிறது என்று தெரிந்தால் அன்றைக்கே செய்யக்கூடியது காய்ச்சுவது. தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் போதும். 2,000 மீட்டருக்கு மேல் உயரமான ஊர்களில் மூன்று நிமிடம். பத்து, இருபது நிமிடம் கொதிக்க விடுவது எரிபொருளுக்குத்தான் நஷ்டம். காய்ச்சிய பாத்திரத்திலேயே மூடி ஆறவையுங்கள். காய்ச்ச முடியாத நேரத்தில், வாசனை சேர்க்காத, 5 முதல் 6 சதவீதம் உள்ள வீட்டு பிளீச் திரவத்தை லிட்டருக்கு இரண்டு சொட்டு விட்டுக் கலக்கி, 30 நிமிடம் கழித்துக் குடிக்கலாம். கலங்கல் தண்ணீர் என்றால் முதலில் துணியில் வடிகட்டித் தெளியவைத்த பிறகு விடுங்கள். குளோரினுக்கு ஒரு பலவீனம் உண்டு. 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி, சுத்திகரிப்பு நிலையத்தைத் தாண்டி வந்து சுமார் 4 லட்சம் பேரைப் படுக்கவைத்தது. அதன் கூடு குளோரினைத் தாங்கும், கொதியைத் தாங்காது. கைக்குழந்தைகளும் நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களும் இருக்கும் வீட்டில் காய்ச்சுவதையே நான் சொல்வேன்.

ஆனால் ரசாயனக் கலப்பு என்றால் காய்ச்சுவது கெடுதல். நீர் ஆவியாகும், ஆர்செனிக்கும் ஃபுளோரைடும் நைட்ரேட்டும் ஈயமும் அடியிலேயே நிற்கும், இருந்ததைவிடச் செறிவாக. வங்கதேசத்தில் குளத்துக் கிருமிகளிலிருந்து மக்களைக் காப்பாற்றத்தான் லட்சக்கணக்கில் குழாய்க்கிணறுகள் போட்டார்கள். தெளிவான, கிருமியில்லாத அந்தத் தண்ணீரில் ஆர்செனிக் இருப்பது 1990களில்தான் வெளியே தெரிந்தது. போர்வெல்லையோ கிணற்றையோ நம்பியிருப்பவர்கள் ஒரு முறையாவது ஆர்செனிக், ஃபுளோரைடு, நைட்ரேட் மூன்றையும் சோதிக்க வேண்டும். லிட்டருக்கு ஃபுளோரைடு 1.5 மில்லிகிராமும் நைட்ரேட் 50 மில்லிகிராமும் உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. உரம் போடும் வயலோ கழிவுக் குழியோ பக்கத்தில் இருந்தால் நைட்ரேட்டை முக்கியமாகப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால் பவுடர் கரைத்துக் கொடுத்தால், ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறைந்து உதடும் விரலும் நீலம் பாயும்.

ஈயம் வேறு வகை. அது பெரும்பாலும் நம் குழாயிலிருந்தும் பித்தளைப் பொருத்துகளிலிருந்தும் பற்றவைப்பிலிருந்தும் வருகிறது. 2014இல் அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரில் தண்ணீர் மூலத்தை மாற்றி, அரிப்பைத் தடுக்கும் மருந்தையும் சேர்க்காமல் விட்டபோது, பழைய குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து வீடுகளுக்கு வந்தது. பழைய கட்டடத்தில் இருப்பவர்கள் காலையில் முதல் தண்ணீரைக் குடிக்கப் பிடிக்க வேண்டாம். ஓடவிட்டுப் பிடியுங்கள், குடிக்கவும் சமைக்கவும் சுடுதண்ணீர்க் குழாயை எடுக்காதீர்கள். ஈயத்துக்கு மாதிரி எடுக்கும்போது மட்டும் முறை நேர்மாறு: இரவு முழுக்கத் தேங்கிய முதல் தண்ணீரையே பிடிக்க வேண்டும்.

இத்தனையும் தெரிந்த பிறகுதான் மெஷின். கிருமி மட்டும் பிரச்சினை, உப்பு இல்லை என்றால் யூ.வி. (புற ஊதா ஒளியால் கிருமியை அழிப்பது) அல்லது யூ.எஃப். (நுண்துளைச் சவ்வால் வடிகட்டுவது) போதும். யூ.வி. விளக்கு தெளிவான தண்ணீரில்தான் வேலை செய்யும், நீல வெளிச்சம் தெரிந்தாலும் ஓராண்டில் அதன் வீரியம் குறைந்துவிடும். காலண்டரைப் பார்த்து மாற்ற வேண்டும். யூ.எஃப். மின்சாரம் இல்லாமலே பாக்டீரியாவைத் தடுக்கும், கரைந்த ரசாயனத்தைத் தடுக்காது. ஆர்செனிக், ஃபுளோரைடு, நைட்ரேட், அதிக உப்பு என்று லேப் அறிக்கை சொன்னால் ஆர்.ஓ. வாங்குங்கள். அது கணிசமான தண்ணீரைக் கழிவாகத் தள்ளும் என்பதால் தேவையில்லாமல் மாட்டுவது எனக்குச் சம்மதமில்லை. கார்பன் ஃபில்டர் வாடையை எடுக்கும், கூடவே குளோரினையும் எடுத்துவிடும். காலம் கடந்த கார்பன் ஃபில்டர் கிருமி வளரும் இடமாகிவிடும். எந்த மெஷினானாலும், மாட்டிய ஒரு மாதம் கழித்து அதன் குழாய்த் தண்ணீரை ஒருமுறை சோதியுங்கள்.

சொந்தக் கிணறு உள்ளவர்களுக்கு மழைதான் சோதனைக் காலம். 2000ஆம் ஆண்டு மே மாதம் கனடாவின் வாக்கர்டன் ஊரில், பலத்த மழைக்குப் பிறகு மாட்டுச்சாணத்திலிருந்த கிருமிகள் ஆழமில்லாத கிணற்றில் இறங்கின. குளோரின் அளவைச் சரியாகக் கவனிக்காததால் சுமார் 2,300 பேர் நோய்ப்பட்டார்கள், 7 பேர் இறந்தார்கள். கிணற்றைச் சுற்றிச் சிமென்ட் தளம், தண்ணீர் வெளியே ஓடும் சரிவு, உயரமான சுவர், கழிவுக் குழியிலிருந்து முடிந்தவரை 30 மீட்டர் தூரம் வேண்டும். வெள்ளம் மூடிய கிணற்றை இறைத்து, குளோரின் போட்டு, சோதனை முடிவு வரும்வரை அதன் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள்.

நோயை வைத்துத் தண்ணீரைக் கண்டுபிடிக்கும்போது நாள் கணக்கில் ஏமாந்துவிடாதீர்கள். காலரா சில மணி நேரத்திலிருந்து ஐந்து நாளுக்குள் வந்துவிடும். டைபாய்டுக்கு ஒன்று முதல் மூன்று வாரம், ஹெபடைட்டிஸ் ஏ மஞ்சள் காமாலைக்கு இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். இன்றைக்குக் காமாலை வந்தவர் குடித்த கெட்ட தண்ணீர் போன மாதத்துடையது. இன்றைய மாதிரி சுத்தமாக வந்தால் அதைக் காரணமாக வைத்துத் தண்ணீரை விடுவித்துவிட முடியாது. ஒரே வாரத்தில் தெருவில் பல வீடுகளில் வயிற்றுப்போக்கு என்றால், லேப் முடிவுக்குக் காத்திருக்காமல் எல்லோரும் காய்ச்சத் தொடங்க வேண்டும், சுகாதாரத் துறைக்கும் சொல்ல வேண்டும்.

வயிற்றுப்போக்கு வந்தவருக்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கிடைக்கவில்லை என்றால், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். உப்பு கூடிவிடக் கூடாது. குழந்தை சோர்ந்து கண் குழி விழுந்தாலோ, சிறுநீர் நின்றாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ உடனே மருத்துவரிடம் போங்கள்.

எவ்வளவு நாளுக்கு ஒருமுறை சோதிப்பது என்றால், குழாய்த் தண்ணீர் வரும் வீட்டில் ஆண்டுக்கு ஒருமுறை ஈ.கோலை சோதனை போதும். கிணறு என்றால் ஆண்டுக்கு இரண்டு, அதில் ஒன்று மழை தொடங்கிய பிறகு. பைப் வேலை, சாலை தோண்டுதல், தொட்டி மாற்றம் ஏதாவது நடந்தால் கணக்குப் பார்க்காமல் உடனே ஒருமுறை. உங்கள் வீட்டு விஷயத்தில் இந்த வாரமே அந்த இரண்டு மாதிரியைக் கொடுங்கள். முடிவு வரும்வரை குடிக்கும் தண்ணீரைக் காய்ச்சிக்கொள்ளுங்கள், ஆனால் மாதிரியைக் காய்ச்சாத தண்ணீரிலிருந்து எடுங்கள். அறிக்கை வந்ததும் அதிலுள்ள எண்களை இங்கே எழுதினால், எந்தப் பக்கம் பார்ப்பது என்று சொல்கிறேன்.